விமானியின் சம்பளமும் ஒரு வரிசை எண்ணும்



பிள்ளை விமானியாகப் படிக்கப் போகிறான் என்றோ போகிறாள் என்றோ ஒரு வீட்டில் சொன்னால், எங்கள் ஆட்கள் அடுத்துக் கேட்பது "எவ்வளவு உழைக்கலாம்?" என்பதுதான். கேள்வியில் பிழை இல்லை. விமானப் பயிற்சிக்குப் பல பத்தாயிரம் டொலர் செலவாகும். பல வீடுகளில் அது இரண்டாவது வீட்டுக்கடன் போல வந்து நிற்கும். ஆனால் இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை நம்ப வேண்டாம். பியர்சன் விமான நிலையத்தில் இருந்து இன்று புறப்படும் ஒரு விமானத்தின் முன் அறையில் இரண்டு பேர் அருகருகே இருப்பார்கள். இருவரிடமும் விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உண்டு. இருவரும் மாறி மாறி அதே விமானத்தை ஏற்றி இறக்குவார்கள். ஆனால் ஒருவரின் சம்பளம் மற்றவருடையதைப் போல இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். இது எப்படி வந்தது என்பதைத்தான் இம்மாத உரையில் சொல்லப் போகிறேன்.

கதை அமெரிக்கத் தபால் விமானங்களில் தொடங்குகிறது. 1920களில் அந்த விமானிகளுக்கு ஓர் அடிப்படைச் சம்பளமும், பறந்த ஒவ்வொரு மைலுக்கும் சில சதங்களும் கொடுத்தார்கள். இரவில் பறந்தால் கூடுதலாகக் கிடைத்தது. ஆபத்தான வேலை, ஆட்கள் குறைவு, எனவே சம்பளம் நன்றாகவே இருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத விமானிகள் பெருகினார்கள். நிறுவனங்கள் மைல் கணக்கை விட்டு, மணிக்கணக்கில் குறைந்த சம்பளம் கொடுக்கப் பார்த்தன. 1931இல் அமெரிக்க விமானிகள் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். 1934இல் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் சபை ஒரு தீர்ப்பு வழங்கியது. 83ஆம் இலக்கத் தீர்ப்பு என்று அதைச் சொல்வார்கள்.

அந்தத் தீர்ப்பைப் பார்த்தால் கணக்குப் படித்த எவரும் ஒரு கணம் நின்று யோசிப்பார். மாதத்துக்கு 85 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று அது வரம்பு வைத்தது. சம்பளத்தை மூன்று துண்டாகப் பிரித்தது: சேவை ஆண்டுகளைப் பார்த்து ஓர் அடிப்படைத் தொகை, விமானத்தின் வேகத்தைப் பார்த்து மணிக்கு ஒரு தொகை, பறந்த தூரத்தைப் பார்த்து மைலுக்கு ஒரு தொகை. ஏன் இவ்வளவு சிக்கல்? விமானங்கள் ஆண்டுக்காண்டு வேகமாகிக் கொண்டிருந்தன. மணிக்கணக்கில் மட்டும் சம்பளம் என்றால், ஐந்து மணித்தியாலப் பயணம் மூன்றாகக் குறையும்போது விமானியின் வருமானமும் குறையும், இலாபம் முழுவதும் நிறுவனத்துக்குப் போகும். வேகமும் தூரமும் கணக்கில் சேர்ந்தபடியால், புதிய இயந்திரத்தால் வந்த இலாபத்தில் விமானிக்கும் ஒரு பங்கு உறுதியானது. பின்னாளில் விமானத்தின் எடையும் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

கனடாவில் இந்தக் கதை 1937இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு ட்ரான்ஸ்-கனடா எயர்லைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைச் சட்டமியற்றி உருவாக்கியது. செப்ரெம்பர் 1ஆம் திகதி வன்கூவரில் இருந்து சியாற்றிலுக்குத் தபாலோடு இரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு அதன் முதல் சேவை பறந்தது. கனேடிய விமானிகளின் சங்கமும் அதே 1937இல்தான் பிறந்தது. நிறுவனமும் சங்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே வளர்ந்தன. 1939 ஏப்ரலில் நாட்டின் குறுக்கே பயணிகள் சேவை வந்தது. இன்று பியர்சன் என்று நாம் சொல்லும் இடம் அப்போது மோல்ற்றன் விமான நிலையம். 1965 ஜனவரியில் நிறுவனத்தின் பெயர் எயர் கனடா என்று மாறியது.

இந்தக் காலம் முழுவதும் சம்பளத்தின் அச்சாணியாக இருந்தது ஒரு பட்டியல். இலங்கையில் அரச சேவையில் இருந்தவர்களுக்கு அது நன்றாக விளங்கும்: சேவை மூப்புப் பட்டியல். வேலையில் சேர்ந்த நாளில் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் உள்ளவர் ஓய்வு பெற்றால் நீங்கள் ஓரிடம் மேலே போவீர்கள். எந்த விமானத்தை ஓட்டலாம், எப்போது கப்டன் ஆகலாம், எந்த ஊரில் தளம், தைப்பொங்கலுக்கு வீட்டில் நிற்கலாமா என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கும். பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளம். பெரிய விமானத்துக்குப் போவதற்கு மேலான எண் வேண்டும். எனவே எண்தான் சம்பளம்.

இந்த முறையில் ஒரு நீதி இருக்கிறது. மேலாளருக்கு உங்களைப் பிடிக்குமா, உங்கள் பெயரை அவரால் உச்சரிக்க முடியுமா என்பதற்கு அங்கே இடமில்லை. 1978இல் ஜூடி கமரன் எயர் கனடாவின் முதலாவது பெண் விமானியாகச் சேர்ந்தார். அந்த நாளில் எத்தனையோ தொழில்களில் ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு ஒரு சம்பளம், ஆணுக்கு வேறு சம்பளம். மூப்புப் பட்டியலுக்கோ ஆண் பெண் தெரியாது. அதே எண், அதே விமானம், அதே இருக்கை என்றால் அதே சம்பளம். அவர் 2015இல் போயிங் 777 கப்டனாக ஓய்வு பெற்றார்.

ஆனால் அந்த எண்ணை ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. இருபது ஆண்டு கப்டனாக இருந்தவரும் புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலின் அடியில்தான் தொடங்க வேண்டும். ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட கனடா 3000 நிறுவனம் 2001 நவம்பரில் படுத்தபோது அதன் விமானிகளுக்கு நேர்ந்தது இதுதான். இந்தியாவில் ஜெற் எயர்வேய்ஸ் 2019 ஏப்ரலில் சேவையை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளப் பாக்கியோடு நின்ற கப்டன்களுக்கும் இதே நிலைதான். ஊரில் பொறியியலாளராகவும் அதிபராகவும் இருந்துவிட்டு இங்கே முதல் படியில் இருந்து தொடங்கிய எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வேறிடம் போனால் எல்லாவற்றையும் இழக்க வேண்டும் என்பதால், இருக்கும் நிறுவனம் சம்பளத்தை வெட்டினாலும் விமானி எழுந்து போக மாட்டார். இது நிறுவனங்களுக்கும் தெரியும். பின்னால் வரப் போகும் பல ஒப்பந்தங்களுக்கு இதுவே அடிப்படை.

1970கள் வரை இந்த முறைக்குப் பெரிய சோதனை வரவில்லை. பயணக் கட்டணத்தையும் பாதைகளையும் அரசு கட்டுப்படுத்தியது. சம்பளம் கூடினால் அதைக் கட்டணத்தில் சேர்த்துவிடலாம். அமெரிக்கா 1978இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. கனடாவில் அது 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே 1988இல் எயர் கனடாவைத் தனியார்மயமாக்கும் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டில் முடிந்தது. கட்டணப் போட்டி வந்ததும் எல்லா நிறுவனங்களும் சம்பளச் செலவைத்தான் முதலில் பார்த்தன.

அப்போது அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1983இல் ஒரு வழி கண்டுபிடித்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தில் கைவைக்கவில்லை. இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பள அட்டவணை. இதற்கு 'பி-ஸ்கேல்' என்று பெயர் வந்தது. கெட்டித்தனமான ஏற்பாடு. ஒப்பந்தத்துக்கு வாக்களிப்பவர்கள் இப்போது வேலையில் இருப்பவர்கள். வெட்டு விழப் போவது இன்னும் சேராதவர்களுக்கு. அவர்களுக்கு அந்த மேசையில் கதிரையும் இல்லை, வாக்கும் இல்லை. இதே அட்டவணையை யுனைற்றெட் எயர்லைன்ஸ் கொண்டுவரப் பார்த்தபோது அதன் விமானிகள் 1985இல் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. விமான நிறுவனம் ஒன்றுக்குப் பணத்தட்டுப்பாடு வந்த போதெல்லாம் அது வேறு வேறு பெயரில் திரும்பி வந்தது.

இனி எங்கள் நகரத்து நிறுவனத்துக்கு வருவோம். 1995இல் எயர் கனடா விமானிகள் பழைய கனேடிய சங்கத்தை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். காரணம் சம்பள உயர்வு அல்ல. சிறிய பிராந்திய நிறுவனங்களின் விமானிகளையும் தங்கள் மூப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்ற தகராறு. 1998 செப்ரெம்பர் 2ஆம் திகதி அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் விமானிகளோடு ஒப்பிட்டால் தாங்கள் மிகவும் பின்தங்கி இருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அது 13 நாள் நீடித்தது. அந்தக் கோடை விடுமுறை முடிவில் ஊருக்கும் இலண்டனுக்கும் போய் வழியில் நின்றுவிட்ட குடும்பங்களுக்கு அது நினைவிருக்கும்.

2000இல் எயர் கனடா தன் போட்டியாளரான கனேடியன் எயர்லைன்ஸை எடுத்துக்கொண்டது. இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். யார் எண் மேலே, யார் எண் கீழே? 2001இல் ஒரு நடுவர் தீர்ப்புச் சொன்னார். அது நிலைக்காமல் 2003இல் இன்னொரு நடுவர் வேறு தீர்ப்புச் சொன்னார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வெறும் எண்களுக்கான சண்டை. உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் வாழ்நாள் வருமானம்.

இதற்கிடையே 2001 செப்ரெம்பர் 11 வந்தது. 2003 வசந்தத்தில் எங்கள் நகரத்தையே முடக்கிய சார்ஸ் வந்தது. 2003 ஏப்ரல் 1ஆம் திகதி எயர் கனடா கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 2004 செப்ரெம்பர் இறுதியில் அதிலிருந்து வெளியே வரும்போது விமானிகள் உட்பட எல்லாப் பணியாளரும் சம்பளத்திலும் வேலை நிபந்தனைகளிலும் பெருமளவு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கப்டன் சலன்பெர்கர், அடுத்த மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன் சாட்சியம் சொன்னார். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், தன் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு அதற்குப் பதிலாகக் கிடைப்பது சொற்பம் என்பதையும் அங்கே சொன்னார். உலகமே கொண்டாடிய விமானியின் கணக்கு இது.

அதே 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, எங்களுக்குப் பக்கத்தில், நயாகராவுக்கு அப்பால் பஃபலோவுக்கு அருகே ஒரு சிறிய விமானம் வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். கியூ400 ரக விமானம், ரொறன்ரோ டவுன்ஸ்வியூவில் கட்டப்பட்ட ரகம். வெளியே பெரிய நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும் ஓட்டியது கோல்கன் எயர் என்ற பிராந்திய நிறுவனம். கப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்த விசாரணையில் வேறு சில விடயங்களும் வெளியே வந்தன. துணை விமானி வேலைக்கு வருவதற்காக நாட்டின் மறு கரையில் உள்ள சியாற்றில் பக்கத்தில் இருந்து இரவு முழுவதும் பயணம் செய்திருந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டொலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. நிறுவனம் அதைவிடக் கூட என்று பின்னர் விளக்கம் சொன்னது. எப்படிப் பார்த்தாலும் தளம் இருந்த நியூயோர்க் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாத சம்பளம். பட்டியலின் அடியில் இருப்பவரின் சம்பளம் பயணிகளையும் தொடும் விடயம் என்பதை அந்த இரவு காட்டியது. அமெரிக்கா 2010இல் சட்டம் கொண்டுவந்தது. 2013இல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும் என்று விதித்தது. ஆட்கள் கிடைப்பது கடினமானது. 2022இல் பிராந்திய நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்த வேண்டி வந்தது.

கனடாவில் 2011, 2012இல் என்ன நடந்தது? முதலில் எட்டிய ஓர் ஒப்பந்தத்தை 2011இல் எயர் கனடா விமானிகள் வாக்களித்து நிராகரித்தார்கள். 2012 மார்ச்சில் மத்திய அரசு வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் தடை விதித்துச் சட்டம் நிறைவேற்றியது. இரு தரப்பின் இறுதிக் கோரிக்கைகளில் ஒன்றை நடுவர் அப்படியே தெரிவு செய்ய வேண்டும். யூலையில் நடுவர் நிறுவனத்தின் கோரிக்கையைத் தெரிவு செய்தார். குறைந்த செலவில் இயங்கும் 'ரூஜ்' சேவைக்கு அது வழி திறந்தது. 2013 யூலையில் ரூஜ் பறக்கத் தொடங்கியது. ஓய்வூதியத்திலும் பழையவர்களுக்குப் பழைய முறை, புதிதாகச் சேருபவர்களுக்கு வேறு முறை என்று பிரிந்தது. பி-ஸ்கேலின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

2012 டிசெம்பரில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை எயர் கனடா விமானிகள் 60 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டும். இதை எதிர்த்து இரண்டு விமானிகள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். நிறுவனத்தோடு சேர்ந்து அவர்களை எதிர்த்து நின்றது அவர்களுடைய சொந்தச் சங்கம்! பட்டியலின் தர்க்கத்தை விளங்கிக்கொண்டால் இது ஆச்சரியம் அல்ல. மேலே இருப்பவர் ஐந்து ஆண்டு கூட நின்றால் கீழே இருக்கும் எல்லாரும் அந்தளவுக்குக் காத்திருக்க வேண்டும். கடைசியில் நாடாளுமன்றமே சட்டத்தை மாற்றியது. 2012 டிசெம்பர் 15 முதல், மத்திய அரசின் கீழ் வரும் வேலைகளில் கட்டாய ஓய்வுக்கு இருந்த பொது விலக்கு நீங்கியது.

2014இல் எயர் கனடாவும் விமானிகளும் பத்து ஆண்டுக்கு ஒரு நீண்ட ஒப்பந்தம் செய்தார்கள். விலைவாசி அமைதியாக இருக்கும் காலத்தில் நீண்ட ஒப்பந்தம் இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் 2021இல் கனடாவின் பணவீக்கம் 3.4 சதவீதம், 2022இல் 6.8, 2023இல் 3.9. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால், மூன்று ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 15 சதவீதம் ஏறிவிட்டது. அதே வேளை 2023 மார்ச்சில் டெல்ரா விமானிகள் நான்கு ஆண்டுக்கு 34 சதவீத உயர்வு பெற்றார்கள். மே மாதம் வெஸ்ற்ஜெட் விமானிகள் 24 சதவீதம் பெற்றார்கள். கொவிட் காலத்தில் பலர் தொழிலை விட்டுப் போயிருந்தார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு விமானி தேவைப்படும் பொருளாக மாறியிருந்தார். எயர் கனடா விமானிகள் 2023இல் பழைய ஒப்பந்தத்தில் இருந்து முன்கூட்டியே வெளியேறினார்கள். தனிச் சங்கத்தையும் வட அமெரிக்கப் பெரிய சங்கத்தோடு இணைத்தார்கள். 2024 ஓகஸ்டில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். செப்ரெம்பர் 15ஆம் திகதி உடன்பாடு வந்தது.

அந்த உடன்பாட்டில் செய்திகள் சொன்ன எண் 42 சதவீதம். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 2023 செப்ரெம்பரில் இருந்து கணக்கிட்டு முதலில் 26 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 4 வீதம் மூன்று தடவை. கூட்டினால் 38தான் வரும். ஆனால் ஒவ்வொரு 4 சதவீதமும் உயர்ந்த சம்பளத்தின் மேல் விழுவதால் 100 டொலர் 126 ஆகி, 131 ஆகி, 136 ஆகி, 141 டொலர் 73 சதத்தில் நிற்கிறது. வங்கியில் கூட்டு வட்டி ஏறும் அதே முறைதான். அதே நேரம், அந்த 26இல் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஏறிவிட்ட விலைவாசியை எட்டிப் பிடிப்பதற்கே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

என் கண்ணில் இதைவிட முக்கியமாகப் பட்டது, தலைப்பில் வராத ஒரு வரி. அதுவரை எயர் கனடாவில் சேரும் விமானிக்கு முதல் நான்கு ஆண்டும் நிலையான குறைந்த சம்பளம். ஐந்தாம் ஆண்டில்தான் உண்மையான அட்டவணைக்குள் வருவார். புதிய ஒப்பந்தம் அந்த நான்கை இரண்டாகக் குறைத்தது. இல்லாமல் ஆக்கவில்லை. ஒக்ரோபரில் நடந்த வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய உயர்வுக்கும் மூன்றில் ஒருவர் "இல்லை" என்று சொன்னார். புதியவர்களுக்கு இது போதாது என்ற மனக்குறை அந்த வாக்கெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகப் பேசப்பட்டது. இந்த முறை அவர்கள் மேசைக்கு வெளியே இருக்கவில்லை. கொவிட்டுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஏராளம், அவர்கள் கையிலும் வாக்கு இருந்தது.

இன்னும் ஒரு கணக்கு. விமானியின் சம்பளத்தை மணிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அந்த மணி பெரும்பாலும் விமானம் வாசலை விட்டு நகரும்போது தொடங்கி, போய் நிற்கும்போது முடிகிறது. உதாரணத்துக்கு மட்டும் ஓர் எண் எடுப்போம்: மணிக்கு 100 டொலர், மாதம் 80 மணி, ஆக 8,000 டொலர். ஆனால் அதற்காக வீட்டை விட்டு வெளியே நின்ற நேரம் 250 மணி என்றால், மணிக்கு 32 டொலர்தான். 2025 ஓகஸ்டில் எயர் கனடா விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மக்களுக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி இதுதான்: தரையில் நிற்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் இருக்கவில்லை. 1930களில் விமானியின் பங்கைக் காப்பாற்ற வந்த மணிக்கணக்கு, இன்று பலருடைய உழைப்பில் ஒரு பகுதியை மறைக்கும் கணக்காகவும் இருக்கிறது.

எனவே பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். "விமானிக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். முதல் ஐந்து ஆண்டில் எவ்வளவு, அந்த நிறுவனத்தின் பட்டியல் எவ்வளவு வேகமாக நகர்கிறது, மேலே எத்தனை பேர் ஓய்வுக்குக் கிட்ட இருக்கிறார்கள், புதியவருக்கு என்ன ஓய்வூதியம் என்று கேளுங்கள். பயிற்சிக் கடனின் தவணை தொடங்குவது அந்த முதல் ஆண்டுகளில்தான், கப்டன் சம்பளம் வரும் ஆண்டில் அல்ல. வேலை கிடைத்துவிட்டால் சேரும் திகதியை ஒரு மாதம் கூடத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மாதத்தில் நூறு பேர் முன்னே போய்விடலாம்.

வேலை கிடைத்த பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் "இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும்" என்று தொடங்கும் வரி வரும்போது, அதை இரண்டு முறை வாசித்துவிட்டு வாக்களியுங்கள். அந்த வரி யாரைப் பற்றியதோ, அவர்கள் அந்த அறையில் இருக்க மாட்டார்கள்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.